மாமூலும் மசோதாவும்: கோயில் கதவு திறந்த கதை

கோயிலுக்குள் மனிதர்கள் நுழைந்ததால் உண்டான 'தீட்டை'க் கழிக்க எவ்வளவு செலவாகும்? 1899-ல் மதுரை சப் கோர்ட் இதற்கு ஒரு தொகையே நிர்ணயித்தது. 500 ரூபாய். இங்கிலாந்தின் தங்கப் பவுன் காசு 15 ரூபாய்க்குச் செல்லும் என்று அரசு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் முப்பத்து மூன்று பவுன்.

பணம் கட்டச் சொன்னது கமுதி நாடார்களை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1897 மே மாதத்தில், இருளப்ப நாடார் தலைமையில் ஒரு சிறு கூட்டம் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் சென்று தாங்களே பூசை செய்துவிட்டு வந்தது. களவு இல்லை, அடிதடி இல்லை. சாமி கும்பிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு அவர்கள்மீது வழக்கு போட்டவர், கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி.

இந்தப் பெயர் பலருக்கும் வேறொரு காரணத்தால் நினைவிருக்கும். விவேகானந்தரைச் சிகாகோ போகச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் அவர். அதே 1897 ஜனவரியில் சுவாமி பாம்பனில் வந்து இறங்கியபோது முன்னின்று வரவேற்று, அவர் வண்டியைத் தன் கையாலும் சேர்ந்து இழுத்தவர். ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர் பேசியது ஏழை எளியவர்களிடம் சிவனைக் காணாதவன் செய்யும் பூசை எதற்கு என்பதைப் பற்றி. பேச்சு முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, கமுதி விவகாரம் வெடித்தது. ராஜாவை வெறும் வேஷதாரி என்று ஒதுக்கிவிடலாமா? அது அவசரத் தீர்ப்பாகிவிடும். அறங்காவலர் என்ற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைய சட்டம் வேறு வழி வைக்கவில்லை. இந்தக் கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

நாடார்கள் அப்போது பனையேறிகளாக மட்டும் இல்லை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர், திருமங்கலம், கமுதி என்று வணிக ஊர்களில் பேட்டை அமைத்து, உறவின்முறை கூடி, மகமை பிரித்து, பள்ளிக்கூடமும் கிணறும் சத்திரமும் கட்டியிருந்தார்கள். பணம் வந்தது. மரியாதை வரவில்லை. அந்தக் காலத்தில் ஒருவரின் மரியாதையை அளக்கும் இடம் கோயில். யார் கோபுரத்துக்கு வெளியே நிற்பது, யார் கொடிமரம் வரை வருவது, யார் அர்த்த மண்டபத்தை எட்டுவது என்று எழுதப்படாத எல்லைக்கோடுகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தாண்டுவது ஊருக்குள் ஒருவரின் இடத்தையே மாற்றிக் கேட்பதற்குச் சமம். சிவகாசியில் இந்தக் கோயில் கோரிக்கையால் மூண்ட பகை, 1899 ஜூன் 6-ல் ஊரையே சூறையாடும் கலவரமாக முடிந்தது. அடுத்த மாதம் கமுதி வழக்கில் தீர்ப்பு வந்தது.

மதுரையில் தோற்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோதே ராஜா மனம் மாறி நாடார்களோடு சமரசத்துக்கு வந்தார். வாதியும் பிரதிவாதியும் ஒத்துப்போனால் வழக்கு முடிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியவில்லை. அறங்காவலர் கோயிலின் சொந்தக்காரர் அல்ல, பொறுப்பாளர் மட்டுமே. பரம்பரையாக வரும் வழக்கத்தைத் தன் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது என்று சமரசம் தள்ளப்பட்டது. 1903-ல் பாஸ்கர சேதுபதி இறந்தார். அவருடைய மகன் ராஜராஜேஸ்வரர் காலத்தில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1908-ல் அங்கும் அதே பதில். நாடார்களுக்கு அந்தக் கோயிலில் நுழையும் வழக்கம் இருந்ததில்லை. ஆகவே உரிமையும் இல்லை.

கமுதிக் கோயிலின் கொடிமரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத பிரபுக்கள், அந்தக் கொடிமரத்தைத் தாண்ட யாருக்குத் தகுதி என்று கடல் கடந்து முடிவு சொன்னார்கள். சாமி என்ன நினைக்கும் என்றோ, வேதமும் ஆகமமும் மனிதரை மனிதர் ஒதுக்கச் சொல்கின்றனவா என்றோ அவர்கள் ஆராய்ந்ததை விட, சாட்சிகளிடம் 'இதுவரை என்ன நடந்துவந்தது?' என்று கேட்டதே பெரிது. மாமூல் என்று நிரூபித்துவிட்டால் போதும், அது சட்டம். ராணியின் 1858 பிரகடனம் மத விவகாரங்களில் தலையிடமாட்டோம் என்று உறுதி சொல்லியிருந்தது. அந்த உறுதியின்படி நடப்பதாகச் சொல்லிக்கொண்டே, ஒரு பக்கத்தாரின் வழக்கத்துக்கு அமீனாவையும் போலீஸையும் காவலுக்கு நிறுத்தினார்கள். நடுநிலை என்று அதற்குப் பெயர்.

இதில் இன்னொரு கூர்மையும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 295-ஆம் பிரிவு வழிபாட்டு இடத்தைத் 'தீட்டுப்படுத்துவதை'க் குற்றம் என்றது. மசூதியையோ கோயிலையோ வேண்டுமென்றே அசிங்கப்படுத்துகிறவர்களுக்காக எழுதப்பட்ட பிரிவுதான். ஒடுக்கப்பட்ட சாதியார் பக்தியோடு உள்ளே போனாலும் அவர்கள்மேல் அதைப் பாய்ச்ச முடிந்தது. கும்பிடப் போனவர் சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கட்ட வேண்டும், கிரிமினல் கோர்ட்டில் ஜெயிலுக்கும் போக வேண்டும்.

சரி, ஊர் மக்களே மனமொத்துத் திறக்கலாம் என்று சொன்னால்? அதையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். குருவாயூர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் இருந்தது. அங்கே 1931-ல் தொடங்கிய சத்தியாகிரகத்தை முன்னின்று நடத்திய கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தி தலையிட்டு நிறுத்தச் சொன்ன பிறகு, பொன்னானி தாலுகாவில் கோயிலுக்குப் போகும் உரிமை உள்ள இந்துக்களிடையே வீடு வீடாக வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் 'எல்லோரையும் விடலாம்' என்றார்கள். கதவு திறக்கவில்லை. அறங்காவலரான சாமூதிரி ராஜா, வழக்கத்தை மாற்றச் சட்டம் தன்னை அனுமதிக்கவில்லை என்றார். அது சாக்குப்போக்காக இருந்திருக்கலாம். ஆனால் கமுதித் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், சட்டப்படி தவறான பதில் இல்லை.

ராஜாவால் முடியாது, பக்தர்களாலும் முடியாது, நீதிபதியும் செய்யமாட்டார். மிச்சம் இருந்த ஒரே இடம் சட்டமன்றம்.

திருவிதாங்கூரில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே மன்னர் வாக்கே சட்டம். வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-லும் 1925-லும் நடந்த போராட்டம் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். பெரியார் இருமுறை சிறை சென்றது அங்கேதான். சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கும் அதே போராட்டம் நடந்தது. கடைசியில் 1936 நவம்பர் 12-ல் இளம் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். பிறப்பாலோ சாதியாலோ எந்த இந்துவையும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயிலில் தடுக்கக் கூடாது. ஒரே கையெழுத்தில் பத்மநாபசுவாமி கோயிலும் சுசீந்திரமும் குமாரகோவிலும் திறந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழர்கள், சென்னை மாகாணத் தமிழர்களைவிட மூன்றாண்டு முந்திக் கோயிலுக்குள் போனது இப்படித்தான்.

சென்னையில் மன்னர் இல்லை, மசோதாக்கள் இருந்தன. முன்னாள் முதலமைச்சர் ப. சுப்பராயன் 1932-ல் சட்ட மேலவையில் ஆலய நுழைவை ஆதரித்துத் தீர்மானம் கொண்டுவந்தார், நிறைவேறியது. அதைச் சட்டமாக்க முனைந்தபோது, இது ஒரு மாகாணம் மட்டும் முடிவு செய்யும் விஷயம் இல்லை என்று வைசிராய் அனுமதி மறுத்தார். டெல்லி மத்திய சட்டசபையில் சி.எஸ். ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதா மட்டும் அனுமதி பெற்றது. அதுவும் இழுபட்டு, 1934 தேர்தல் நெருங்க, காங்கிரஸின் ஆதரவு விலகிக் கரைந்துபோனது. அம்பேத்கர் ஆரம்பத்திலேயே அந்த மசோதாவைப் பாராட்ட மறுத்தார். தீண்டாமை பாவம் என்று அது சொல்லவில்லை. பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் திறக்கலாம் என்று மட்டும் சொல்கிறது. பெரும்பான்மை ஒப்புக்கொள்ளும்வரை தீண்டாமை நியாயம்தானா என்பது அவர் வாதம். அதற்கு அன்று யாரும் சரியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்தது எம்.சி. ராஜா. சென்னை சட்ட மேலவைக்குள் முதலில் நுழைந்த ஆதிதிராவிடத் தலைவர். 1938-ல் அவர் முயற்சியால் பொதுக் கிணறு, சாலை, அலுவலகம் போன்ற இடங்களில் தீண்டாமையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அந்த வேகத்தில் கோயில் நுழைவு மசோதாவையும் கொண்டுவந்தார். முதலமைச்சர் ராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுக்க, மசோதா சபையில் தோற்கடிக்கப்பட்டது. மனம் நொந்து காந்திக்கு எழுதினார். காந்தி ராஜாஜியை நம்பும்படி பதில் எழுதினார். ராஜாவின் மசோதாவுக்குப் பதிலாக அரசு கொண்டுவந்தது மலபாருக்கு மட்டுமான சட்டம். அதுவும் வாக்கெடுப்பு நடத்தித் திறக்கும் ஏற்பாடு. மாகாணம் முழுக்கத் திறக்க வேண்டும் என்று கேட்டவரிடம், ஒரு மாவட்டத்தில் ஓட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று சொன்னதற்கு ஒப்பாகும் இது. ராஜாஜிக்கு அவசரம் பிடிக்காது, சனாதனிகளைத் திரட்டிவிடும் என்ற பயம் இருந்தது என்று அவர் ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் எம்.சி. ராஜா கேட்டது மறுக்கப்பட்ட மறு ஆண்டே, ராஜாஜியே அவசர அவசரமாகச் சட்டம் போட வேண்டி வந்தது. காரணம், மதுரை.

மதுரையில் நடந்ததைச் சொல்வதற்கு முன், அதிகம் பேசப்படாத ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, கோயில் சொத்துகளைக் கண்காணிக்க இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஒரு வாரியம் அமைந்தது. இன்றைய அறநிலையத் துறைக்கு அதுதான் வேர். கோயில் வருமானத்தில் யார் கை வைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வாரியத்தின் நோக்கம்; சாதியை ஒழிப்பது அதன் வேலைப் பட்டியலில் இல்லை. ஆனால் வாரியம் பெரிய கோயில்களுக்கு நிர்வாக அதிகாரி என்று ஒருவரை அனுப்பத் தொடங்கியதும், கோயில் சாவி பரம்பரைக்காரர் கையை விட்டு, அரசுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் கைக்கு மாறியது. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு 1930-களின் பிற்பகுதியில் அப்படி வந்தவர் ஆர்.எஸ். நாயுடு. கணக்கு வழக்குக்காக வந்த அந்தப் பதவி இல்லாவிட்டால், 1939-ல் நடந்தது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

வெளியிலிருந்து முயன்றவர் மதுரை வக்கீல் அ. வைத்தியநாத ஐயர். தஞ்சைப் பக்கத்து விஷ்ணம்பேட்டையில் 1890-ல் பிறந்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டவர். ஹரிஜன சேவா சங்கத்தின் முன்னணி ஊழியர். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டுப் படிக்கவைத்தவர். அவர்களில் ஒருவர் மேலூர் அருகே தும்பைப்பட்டியைச் சேர்ந்த பி. கக்கன். ஐயருடைய சாதிக்காரர்களே அவரை ஒதுக்கிவைத்தார்கள். அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரே நாளில் பாய்ந்துவிடாமல், பல மாதம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பக்தர்கள் எதிர்க்கவில்லை என்று காட்டப் பிரசாரம் செய்தார். வக்கீல் அல்லவா? வழக்கு வந்தால் என்னென்ன ஆதாரம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

1939 ஜூலை 8, காலை. வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்ட சமூகத்தவரையும் விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். நிர்வாக அதிகாரி நாயுடு அவர்களை எதிர்கொண்டு வரவேற்றார். மாலை மரியாதையோடு சன்னிதிக்குச் சென்று வணங்கிவிட்டு வெளியே வந்தார்கள். அன்று காலை அது பெரிய கலவரம் இல்லாமல் முடிந்துவிட்டது. கூட்டத்தில் சண்முக நாடார் இருந்ததைக் கவனிக்க வேண்டும். கமுதித் தீர்ப்புக்கு முப்பத்தோரு ஆண்டு ஆகியிருந்தது. அது அப்போதும் அமலில்தான் இருந்தது.

மறுநாள் தொடங்கியது ரகளை. தீட்டுக் கழிக்கச் சம்ப்ரோட்சணம் செய்யாமல் பூசைக்கு வரமாட்டோம் என்று பட்டர்கள் கதவைப் பூட்டினார்கள். நாயுடு கதவைத் திறக்கவைத்து, வர மறுத்தவர்கள்மீது நடவடிக்கை எடுத்து, வேறு அர்ச்சகர்களை வைத்து வழிபாட்டை நடத்தினார். சனாதன தரப்பில் முன்னணியில் நின்றவர் மதுரை வருணாசிரம சங்கத்தைச் சேர்ந்த நடேச ஐயர். மீனாட்சி கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று பிரசாரம் செய்து, தன் வீட்டிலேயே அம்மனுக்கு வழிபாடு நடத்த ஏற்பாடு செய்தார். பட்டர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் கோயிலுக்கு வராமலே இருந்தார்கள். கோர்ட்டில் தோற்று, பிழைப்பும் போன பிறகே திரும்பினார்கள். அவர்களை எதிரிகளாக மட்டும் பார்ப்பது எளிது. ஊதியமும் உரிமையும் சடங்கு நம்பிக்கையும் ஒன்றாகப் பின்னிய ஒரு தொழிலில், அரசு அதிகாரி ஒருவர் வந்து ஆணையிடும்போது வரும் கலக்கமும் அந்த மறுப்பில் இருந்தது. அதற்காக அவர்கள் கேட்டது நியாயம் என்றாகிவிடாது.

வழக்குகள் வரத் தொடங்கின. வைத்தியநாத ஐயரும் நாயுடுவும் அன்றைய சட்டப்படி குற்றவாளிகளாகலாம். இரண்டாயிரம் ஆண்டு மாமூலை மீறியவர்கள் என்று எதிர்த்தரப்பு கமுதித் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் நீதிபதி என்ன செய்வார்? ராஜாஜி காத்திருக்கவில்லை. ஜூலை மாதமே ஆளுநர் எர்ஸ்கின் பிரபு கையெழுத்தோடு அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஆலய நுழைவு அதிகாரமளிப்பு, பாதுகாப்புச் சட்டமாக சபையில் நிறைவேறியது. அதன் ஏற்பாடு சுருக்கமானது. பக்தர்களில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம். ஏற்கெனவே திறந்தவர்கள்மேல் வழக்கு தொடுக்க முடியாது. பாஸ்கர சேதுபதிக்கு 1901-ல் கிடைக்காத அதிகாரத்தைச் சட்டம் இப்போது அறங்காவலர்களுக்குக் கொடுத்தது. இந்தியாவில் ஆலய நுழைவை முதலில் செய்துவிட்டுச் சட்டத்தைப் பிறகு கொண்டுவந்த இந்த வரிசை, வரலாற்றாசிரியர்களைவிட வக்கீல்களுக்கு அதிகம் பிடிக்கும் விஷயம்.

தஞ்சை அரண்மனை தேவஸ்தானத்தின் பரம்பரை அறங்காவலரான ராஜாவும் அந்த ஆண்டிலேயே பெரிய கோயிலைத் திறந்துவிட்டார். அக்டோபரில், போரில் இந்தியாவை இழுத்துவிட்டதைக் கண்டித்து காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. இன்னும் சில மாதம் தாமதித்திருந்தால் இந்தச் சட்டத்தைக் கொண்டுவர யாரும் இருந்திருக்கமாட்டார்கள். 1934-ல் மதுரைக்கு வந்தபோது கோயிலுக்குள் போகாத காந்தி, 1946-ல் வந்து மீனாட்சியைத் தரிசித்தார்.

ஆனால் 1939 சட்டத்திலும் அம்பேத்கர் சுட்டிய குறை அப்படியே இருந்தது. திறக்க நினைக்கிற அறங்காவலர் திறக்கலாம். நினைக்காதவரை யாரும் கேட்க முடியாது. அதை நீக்கியது 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி. அந்த ஆண்டின் சென்னை ஆலய நுழைவு அனுமதிச் சட்டம், அறங்காவலரின் அனுமதியைப் பக்தரின் உரிமையாக மாற்றியது. எந்தச் சாதி இந்துவும் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் சென்று, மற்றவர்கள் எப்படி வழிபடுகிறார்களோ அப்படியே வழிபடலாம், தடுப்பது குற்றம். குருவாயூரும் அந்த ஆண்டில்தான் திறந்தது. ஓமந்தூரார் பக்தியில் ஊறிய வள்ளலார் அன்பர், பேச்சில் முரட்டு விவசாயி. கோயில் விஷயத்தில் அவரைவிடத் துணிந்து சட்டம் போட்ட முதலமைச்சர் அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம்.

1948 நவம்பர் 29-ல் அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. அதுவே அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு. 25-ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது. அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு: பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் திறந்துவிட அரசு சட்டம் இயற்றலாம். அடுத்து வரும் 26-ஆம் பிரிவோ, ஒவ்வொரு மத உட்பிரிவும் தன் மத விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளலாம் என்கிறது. 'எங்கள் உட்பிரிவுக் கோயிலுக்கு யார் வரலாம் என்பதும் எங்கள் மத விவகாரம்தானே?' என்று ஒருவர் கேட்டால்?

கேட்டார்கள். தென் கன்னட மாவட்டம் முல்கியில் இருந்த வெங்கடரமண கோயில், கௌட சாரஸ்வத பிராமணர்களுடையது. 1947 சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்று சென்னை அரசை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே மாநில எல்லைகள் மாறி, மாவட்டம் மைசூருக்குப் போய்விட்டது. அதனால்தான் சட்டப் புத்தகங்களில் சென்னைச் சட்டத்தைப் பற்றிய வழக்குக்கு மைசூர் மாநிலத்தின் பெயர் இருக்கிறது. 1957 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். சங்கீத ரசிகர்களுக்கு இந்தப் பெயர் நன்கு தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளைப் பரம்பரையாகக் கற்றுத் தேர்ந்தவர், 1944-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், டி.கே. பட்டம்மாளுக்குத் தீட்சிதர் உருப்படிகள் சொல்லிக்கொடுத்தவர். ஆகமம், கோயில், வழிபாட்டு முறை எல்லாம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவையாக இல்லை.

அவர் தீர்ப்பு இரு தரப்பையும் மதித்து, தெளிவாகவும் இருந்தது. இது உட்பிரிவுக் கோயில் என்பதை ஏற்றார். யாரை உள்ளே விடுவது என்பது மத விவகாரம்தான் என்பதையும் ஏற்றார். அப்படியும், பொதுமக்களின் நுழைவு உரிமையே மேலோங்கும் என்றார். குறிப்பிட்ட சில சடங்குகளின்போது மட்டும் உட்பிரிவினர் தனியாக வழிபடலாம். அந்தத் தனி நேரம் மற்றவர்களின் உரிமையை விழுங்கிவிடக் கூடாது என்று எல்லையும் வகுத்தார். பிரிவி கவுன்சில் கேட்ட 'இதுவரை என்ன வழக்கம்?' என்ற கேள்வி இந்தத் தீர்ப்போடு முடிவை நிர்ணயிக்கும் கேள்வியாக இல்லாமல் போனது. அதைப் போக்கியது நீதிபதியின் தாராள மனம் மட்டும் அல்ல. அவர் கையில் அரசியலமைப்பு என்ற எழுத்து இருந்தது. கமுதி வழக்கை விசாரித்த நீதிபதிகளுக்கு அது இல்லை.

கக்கன் பிறகு எம்.பி. ஆனார், காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் பொதுப்பணி, உள்துறை உள்ளிட்ட துறைகளுக்கு அமைச்சராக இருந்தார். வைத்தியநாத ஐயர் 1955 பிப்ரவரியில் இறந்தார். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அந்த ஆண்டில்தான். 1976 திருத்தத்துக்குப் பிறகு அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்.

பெரிய கோயில்களில் இந்தச் சண்டை முடிந்துவிட்டது. மீனாட்சி சன்னிதியில் இன்று யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. சண்டை இடம் மாறியிருக்கிறது. அறநிலையத் துறை அதிகாரி உட்காராத ஊர்க் கோயில்கள், மாரியம்மன், திரௌபதி அம்மன், அய்யனார் கோயில்கள், அவற்றின் திருவிழாக்கள், தேரின் வடம், முதல் மரியாதை. 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் போலீஸ் காவலோடும் மாவட்ட ஆட்சியர் துணையோடும்தான் முதல் முறையாகப் போக முடிந்தது. அதே ஆண்டு ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலினத்தவர் வந்ததால் மூண்ட தகராறு தீராமல், வருவாய்த் துறை கோயிலுக்கே சீல் வைத்தது. அரசுக்கு அது அமைதி காக்கும் வழி. கதவு பூட்டப்பட்டால் தடுத்தவருக்கும் தடுக்கப்பட்டவருக்கும் ஒரே தண்டனை என்றாகிவிடுவது அந்த வழியிலுள்ள கோளாறு. 1939-ல் நாயுடு செய்தது இதற்கு நேர்மாறு. பூட்டியவர்களை வெளியே வைத்துவிட்டுக் கோயிலைத் திறந்துவைத்தார்.

இப்படி ஒரு தடையை உங்கள் ஊரில் கண்டால், 'இது தனியார் கோயில்', 'இது எங்கள் வகையறாக் கோயில்' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். பொதுமக்கள் வழிபடும் கோயில் என்றால் அது யார் பெயரில் இருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. தீண்டாமையின் பேரில் வழிபாட்டைத் தடுப்பவருக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ தடுத்தால், 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. புகாரைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பிவையுங்கள்.